வைத்தியச் செலவு யாருடையது? சேலம், நாமக்கல் சீமையின் ஒரு வரலாறு

வியாதியுற்றவனுடைய வைத்தியச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானதேயாயினும், சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே உழைப்பாளிகளில் பெரும்பாலோர் பெரிய ஆலை எதிலும் பெயர் பதிந்தவர்கள் அல்லர். அம்மாபேட்டையிலும் குகையிலும் வீட்டுக் கூடத்திலேயே தறி போட்டு நெய்பவர்கள், சிவதாபுரத்தில் உலைக்கு முன் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசு செய்பவர்கள், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் கிழங்கு வரும் பருவத்துக்கு மட்டும் வேலை பார்ப்பவர்கள், நாமக்கல்லில் லாரியேறி வடக்கே போனால் வாரக்கணக்கில் திரும்பாதவர்கள், கோழிப் பண்ணையிலேயே குடும்பத்தோடு தங்கித் தீனி போடுபவர்கள் என்று, முதலாளி யார், தொழிலாளி யார் என ஒரு பதிவேட்டில் எழுதிக் காட்ட இயலாத பிழைப்புகளே இந்தச் சீமையின் பிழைப்புகள். ஆகவே இவ்விடத்து வைத்தியச் செலவின் வரலாறு, பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்களின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

பழங்காலத்து ஏற்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல அவசியமில்லை. கஞ்சமலையும் கொல்லிமலையும் சித்தர்களின் பெயரோடு சேர்ந்து மூலிகைக்குப் பேர்பெற்றவை. நாட்டு வைத்தியருக்குக் களத்தில் கொஞ்சம் தானியமும், குணமானபின் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் தட்சிணையும் கிடைத்தன. வர்த்தகர்கள் மகமை என்று வியாபாரத்திலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கித் தர்ம காரியங்களுக்குச் செலவிட்டார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பவர்களின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. ஒரு வீட்டுக்கு நோய் வந்தால் தாங்கக்கூடிய ஏற்பாடுதான் அது. ஊர் முழுவதற்கும் ஒரே சமயத்தில் பசியும் நோயும் வந்தபோது அது நிற்கவில்லை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பின் 1881-இல் எண்ணிப் பார்த்தபோது அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் ஒருபுறமிருக்க, பட்டினி மெலிவித்த உடம்புகளில் காலராவும் ஜுரமும் புகுந்து வாரிக்கொண்டு போனவர்கள் அனேகர்.

சேலத்துக்கு முனிசிபாலிட்டி ஏற்பட்டது 1866-இல். கிராமப்புறங்களுக்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டமும் 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் ஸ்தல ஸ்தாபனங்களை அமைத்து, நிலவரியின்மேல் ஓர் உபரி வரியைப் போட்டு, அந்தப் பணத்தைச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்குச் செலவிடச் செய்தன. இவ்வாறு தாலுகாத் தலைநகரங்களில் எழுந்த சிறு ஆஸ்பத்திரிகளை ஜனங்கள் தர்மாஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். உண்மையில் அது தர்மமன்று. உழுதவன் கட்டிய வரியிலிருந்து நடந்த காரியம். ஆனால் வரி கட்டியவன் அதை உரிமையாகக் கருதவில்லை. மிக்சர் வாங்கக் கையில் காலிப் புட்டியோடு வரிசையில் நின்று, கம்பவுண்டரின் அதட்டலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனான். பிற்காலத்தில் வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும், இலவசம் என்ற பெயரில் பெறுவதை உரிமையாகப் பெறச் செய்வது எவ்வாறு என்ற இந்தச் சங்கடத்தையே சுற்றி வந்திருக்கிறது.

தாலுகா ஊரைத் தாண்டிய கிராமங்களுக்கு வைத்தியரைக் கொண்டுபோக முதலில் யோசித்தது நீதிக்கட்சி மந்திரிசபை. பனகல் ராஜாவின் காலத்தில், 1924-இல், கிராமத்தில் போய்க் குடியேறித் தொழில் நடத்த இசையும் வைத்தியருக்குச் சர்க்கார் மானியம் கொடுத்து, அதற்கு ஈடாக ஏழைகளுக்கு அவர் இலவசமாக மருந்து கொடுக்க வேண்டும் என்ற திட்டம் சென்னை ராஜதானியில் வந்தது. நோயாளியிடம் பணம் கேட்காமல், வைத்தியருக்குப் பொது நிதியிலிருந்து பணம் கட்டி, அவருடைய சொந்தத் தொழிலையும் கெடுக்காமல் விட்ட அந்த யோசனையில், இன்றைக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் சர்க்கார் பணம் கட்டும் காப்பீட்டின் சாயல் நன்றாகவே தெரிகிறது.

இதே காலத்தில்தான், 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபாலிட்டியின் தலைவராக இருந்த ராஜாஜி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். புதுப்பாளையம் ரத்தினசபாபதி கவுண்டர் இடம் கொடுத்தார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, வைத்திய உதவி, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவை ஆசிரமத்தின் வேலைகள். அந்த மானாவாரி பூமியில் குடும்பத்தின் கையிருப்பைக் கரைத்தவை கள்ளுக்கடையும் நோயும் வட்டியுமே என்பதை ராஜாஜி அங்கே இருந்தபடி கண்டார். ஆகவே 1937-இல் ராஜதானியின் பிரதம மந்திரியானதும், அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, பூரண மதுவிலக்கை முதன்முதலாகத் தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் அமல் செய்தார்.

மதுவிலக்கின் நன்மை தீமை இக்கட்டுரையின் விஷயமன்று. அதன் பின்விளைவு ஒன்றுதான் விஷயம். கள்ளுக்கடைகளை மூடியதால் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகளின் கூச்சல் மிகப் பெரிதாக இருந்தது. ஆயினும் அந்த வரிதான் பிற்பாடு ராஜ்யத்தின் வருமானத்துக்கே முதுகெலும்பாகி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், சத்துணவுக்கும், இன்றைய காப்பீட்டுப் பிரிமியத்துக்கும் பணம் தரும் ஊற்றாயிற்று. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான பண்டங்களின் பழைய விற்பனை வரியை விழுங்கியபோதும் மதுவின்மேல் அது ராஜ்யத்தின் கையிலேயே தங்கிவிட்டது. கள்ளை ஒழித்ததால் விழுந்த பள்ளத்தை நிரப்பப் பிறந்த வரி, சாராயப் புட்டியின்மேல் வசூலாகி, அதனால் ஈரல் கெட்டவனுடைய வைத்தியத்துக்கும் ஒரு பகுதி போகிறது என்பது, திருச்செங்கோட்டுப் பெரியவர் இருந்து பார்த்திருக்க வேண்டிய வேடிக்கை.

இனி இன்ஷூரன்ஸ் என்ற பெயரோடு வந்த முதல் ஏற்பாட்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் செய்தார். தொழிலாளி இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் சந்தா கட்ட, நோய்க் காலத்தில் வைத்தியமும் கூலியில் ஒரு பகுதியும் கிடைத்தன. பிரிட்டனில் 1911-இல் அதைப் பின்பற்றிய சட்டம் வந்தது. இந்தியாவுக்கு அப்படி ஒன்று தேவையென்று ஆராய்ந்து 1944-இல் அறிக்கை கொடுத்தவர் பேராசிரியர் பி. பி. அதார்க்கர். அதன் பயனாகத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் 1948 ஏப்ரலில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன், சந்தாவையும் பதிவேட்டையும் பின்னே தள்ளிவிட்டு, பிரஜைகள் அனைவருக்கும் பொது வரியிலிருந்தே வைத்தியம் செய்யும் தேசியச் சுகாதார சேவையைத் தொடங்கியது. நாம் எந்த மாதிரியைப் பார்த்து எழுதினோமோ, அதை எழுதிக் கொடுத்தவர்களே அந்த ஆண்டில் அதைக் கடந்து போய்விட்டார்கள்! ஆனால் புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஏழை நாட்டினிடம் அத்தனை பணம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955 ஜனவரியில் கோயம்புத்தூரை அடைந்து, பின்னர் சேலத்துக்கும் வந்தது. சேலத்தில் அப்போது ராஜேந்திரா மில், ஜவஹர் மில் போன்ற நூற்பாலைகள் இருந்தன. மேட்டூரில் 1934-இல் அணை முடிந்தபின் ரசாயனத் தொழிலும் துணி ஆலையும் எழுந்திருந்தன. இந்த ஆலைக்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. செய்த உபகாரம் சாமானியமானதன்று. நோயாளியாகப் படுத்தால் ஆஸ்பத்திரி, படுக்காவிட்டாலும் டிஸ்பென்ஸரியில் டாக்டரும் மருந்தும், வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதி, பிரசவத்துக்கு உதவி, கை கால் போனால் ஜீவனாம்சம். இன்றைய விதிப்படி தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு 75 பைசாவும், முதலாளி 3 ரூபாய் 25 பைசாவும் செலுத்துகிறார்கள். நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் வந்து சேருகிறது. டிஸ்பென்ஸரியில் மருந்து இல்லை, டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்ற குறைகள் ஆதியிலிருந்தே உண்டு, அவை பொய்யல்ல. ஆயினும் நோயின் இரண்டு முகங்களையும், அதாவது செலவையும் வருமான இழப்பையும், ஒருசேரப் பார்த்த ஏற்பாடு இந்தச் சீமையில் அது ஒன்றுதான்.

அதன் குறை அதன் வாசலில் இருந்தது. மின்சாரம் கொண்டு நடக்கும், இருபது பேருக்குக் குறையாத ஆட்கள் உள்ள, பருவத் தொழிலல்லாத ஆலைக்கே முதலில் சட்டம் சென்றது; மாதம் 400 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தவருக்குச் செல்லவில்லை. பிற்காலத்தில் எண்ணிக்கை பத்தாகக் குறைந்தது. சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் சட்டத்தில் ஆலை என்பதற்குச் சொன்ன விளக்கமே சுரங்கங்களை விலக்கிவிட்டது. ஆகவே சேலத்தின் வடபுறத்தில், ரயிலில் போகிறவர்களுக்கும் வெள்ளை வெளேரென்று தெரியும் மாக்னசைட் குன்றுகளில் வெள்ளைக்கல் உடைத்து, அந்தத் தூசியையே சுவாசித்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும், பக்கத்து நூற்பாலைக்காரனுக்குக் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய இரும்பாலை தன் ஊழியர்களுக்குச் சொந்த ஆஸ்பத்திரியே வைத்துக்கொண்டது. அதன் மதிலுக்கு வெளியே இருந்த கிராமத்தாருக்கு வழக்கம்போலத் தர்மாஸ்பத்திரிதான்.

எல்லோரையும்விடப் பெரிய கூட்டமாக வெளியே நின்றவர்கள் தறிக்காரர்கள். குமாரபாளையத்திலும் பள்ளிப்பாளையத்திலும் கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது, மின்சாரம் என்ற நிபந்தனை பூர்த்தியாயிற்று. ஆனால் எட்டுத் தறி, பத்துத் தறி என்று அமைந்த கூடங்களில் பெரும்பாலானவை ஆள் எண்ணிக்கையில் சட்டத்துக்குக் கீழே தங்கிவிட்டன. அங்கே நோய்க்குக் காப்பீடாக இருந்தது பாக்கி. தறி முதலாளியிடம் தொழிலாளி வேலையில் சேரும்போதே வாங்கும் முன்பணத்துக்கும், பிறகு கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு சமயமும் அதன்மேல் ஏற்றிக்கொள்ளும் கடனுக்கும் அங்கே அதுவே பெயர். கையில் வட்டி கேட்கமாட்டார்கள். ஆனால் பாக்கி தீராமல் வேறு கூடத்துக்குப் போக முடியாது, புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டால் ஒழிய. ஆளுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் தொழிலாளியே அதிகப் பாக்கி கேட்டுப் பெற்றதும் உண்டு. அது அவனுடைய ஒரே பேரபலம். ஆயினும் மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய பணத்துக்காக ஒரு மனிதன் வருஷக்கணக்கில் ஒரே கூடத்தில் கட்டுண்டு கிடப்பதை என்ன பெயரிட்டு அழைத்தாலும், வைத்தியச் செலவுக்கு அவன் கட்டிய பிரிமியம் தன் சுதந்திரமே என்பதில் சந்தேகமில்லை.

இவர்களுக்கு வழி என்ன? நமக்கு அண்டையிலேயே ஓர் உதாரணம் தோன்றியது. கர்நாடகத்தில் 2003-இல், கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயிகள் ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தா கட்டி, சர்க்காரின் உதவியோடு பெரிய அறுவைச் சிகிச்சைகளைப் பெறும் யசஸ்வினி திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி இல்லாத இடத்தில் சங்கமே பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம் என்பதை அது நிரூபித்தது. சேலத்திலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நீண்ட காலமாகவே உண்டு. மத்திய சர்க்கார் 2005-இல் கைத்தறி நெசவாளருக்கென ஒரு தனியார் கம்பெனி மூலம் கொண்டுவந்த திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை கொடுத்தது. தொகை சிறியதாயினும், படுக்கையில் சேராமல் மருந்து வாங்கும் வெளிநோயாளிச் செலவையும் அது ஏற்றுக்கொண்டது. அந்த உருவில் அது நீடிக்கவில்லை.

திருப்பம் 2009 ஜூலை 23-ஆம் தேதி வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கும், அமைப்புசாராத் தொழிலாளரின் 26 நலவாரியங்களின் அங்கத்தினருக்கும், நான்கு ஆண்டுகளில் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உயிர்காக்கும் சிகிச்சை என்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆந்திரத்தில் 2007-இல் வந்த ஆரோக்யஸ்ரீ அதற்கு முன்மாதிரி. ஆட்சி மாறி, 2012 ஜனவரி 11-ஆம் தேதி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது புது உருவெடுத்தது. ஒரு லட்சம் என்பது ஆண்டுதோறும் என்றாயிற்று. காப்பீட்டுப் பொறுப்பு, பொதுத்துறையைச் சேர்ந்த யுனைட்டெட் இந்தியா கம்பெனிக்குப் போயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து வரம்பு 5 லட்சம் ஆயிற்று. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது வருமான வரம்பு 1,20,000 ரூபாய்க்கு உயர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு 849 ரூபாய் பிரிமியத்தைச் சர்க்காரே கட்டியது. கட்சிகள் மாறி மாறி வந்தும் ஒருவர் போட்ட பாத்தியை மற்றவர் அழிக்காமல் விரித்த அபூர்வ நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

இந்தத் திட்டத்தில் சிலாகிக்க வேண்டியது தொகையன்று. குமாஸ்தா கேட்பது வேலைக் கூடத்தில் எத்தனை பேர் என்பதை அல்ல, குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையுமே என்றானதுதான். அதனாலேயே தறிக்காரரும், கொலுசுக்காரரும், லாரி கிளீனரும், வெள்ளைக்கல் உடைத்தவரின் விதவையும் ஒரே வரிசையில் நிற்க முடிந்தது. இன்னொன்று: காப்பீட்டுப் பணத்தைத் தனியாருக்கு மட்டும் விடாமல், சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 1986-இல் தொடங்கிய சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில், பழைய தர்மாஸ்பத்திரி நோயாளியே இன்று கம்பெனியிடமிருந்து பணம் கொண்டுவருபவனாக நுழைகிறான். நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், காப்பீட்டு அட்டை இருந்தும் ஆஸ்பத்திரி தூரம் என்ற குறை ஓரளவு நீங்கியிருக்கிறது.

ஆனால் பரப்பில் விரிந்தது ஆழத்தில் குறைந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஈ.எஸ்.ஐ. கொடுத்த இரண்டை இந்த அட்டை கொடுப்பதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் விழுங்கும் மாத்திரை இதில் அடங்காது. படுத்த நாட்களின் கூலியும் கிடையாது. முதல் குறைக்குப் பரிகாரமாக, 2021 ஆகஸ்டில் பழைய சேலம் ஜில்லாவின் பகுதியான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவமும், அடுத்த மாதமே வாழப்பாடியில் வருமுன் காப்போம் முகாமும் தொடங்கப்பட்டு, மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது; இவை காப்பீட்டின் வேலையைப் பொதுச் சுகாதாரம் செய்வதற்கு நல்ல சாட்சிகள். இரண்டாவது குறைக்கோ பரிகாரமே இல்லை. இருதய ஆபரேஷன் இலவசமாக முடிந்து வீடு திரும்பியவன் மூன்று மாதம் தறி ஏற முடியாமல் கிடந்தால், அந்த மூன்று மாதத்து அரிசிக்கும் வாடகைக்கும் பாக்கிதான் கதி. பாக்கி மறைந்த இடங்களில் வாராந்திரத் தவணைக்கு வாசலில் வந்து உட்காரும் மைக்ரோ பைனான்ஸ் கதி.

இந்தக் கடன் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பள்ளிப்பாளையம் காட்டியிருக்கிறது. 2025 ஜூலையில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரிடம் தரகர்கள் பணம் காட்டிச் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்ட செய்தி வெளிவந்து, சர்க்கார் விசாரணை நடத்த நேர்ந்தது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சையோ காப்பீட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. அதாவது சிறுநீரகம் கெட்டவனைக் காக்க அட்டை உண்டு. நல்ல சிறுநீரகத்தை விற்கும்படி ஒருவனைத் தள்ளும் கடனிலிருந்து காக்க அட்டை இல்லை.

வருமான வரம்பையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். புருஷனும் மனைவியும் தறியில் நின்றால் அதைத் தாண்டிவிடுகிறார்கள்; கூடம் சிறியதாதலால் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. இவர்கள் தனியார் பாலிஸி வாங்கட்டும் என்பது சிலருடைய யோசனை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிஸிகளின்மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது நல்ல காரியமே. ஆனால் வயது ஏற ஏறப் பிரிமியமும் ஏறும் பாலிஸியை, வாரக் கூலிக்காரன் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பான் என்று எதிர்பார்ப்பது, சனிக்கிழமைப் பட்டுவாடாவைப் பார்த்திராதவர்களின் எதிர்பார்ப்பு. வரம்புக்கு மேலுள்ள குடும்பங்கள் ஒரு சிறு சந்தா கட்டி முதலமைச்சர் திட்டத்திலேயே சேர வழி செய்வதும், நெசவாளர் நலவாரியத்தின் மூலமாக நோய் நாட்களுக்குச் சொற்பக் கூலியாவது கொடுப்பதும் சர்க்காருக்கு ஆகாத காரியங்களல்ல. பதிவேடுகள் கையில் இருக்கின்றன, சங்கங்கள் இருக்கின்றன, 1952 முதல் பெற்ற அனுபவமும் இருக்கிறது. இந்த இரண்டையும் கேட்டு வாங்குவதே தொழிற்சங்கங்கள் இனிச் செய்ய வேண்டிய வேலை என்பது என் துணிபு.

அதுவரை, வரம்புக்கு உட்பட்டிருந்தும் அட்டை எடுக்காத குடும்பத்தார் வாசகர்களில் எவரேனும் இருந்தால், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இம்மூன்றையும் எடுத்துக்கொண்டு சேலத்திலோ நாமக்கல்லிலோ கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்டருக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.